ஏழு வயதுக்கு மேல்

அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். பட்டப்பெயர் வைத்தவர்கள் முதுகுக்குப் பின்னால் எல்லாம் சொல்லவில்லை. முகத்துக்கு நேராகவே, "வடிகட்டி மேடம், டீ வந்தாச்சு" என்று கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வீடியோ விளையாட்டுகள் கடைக்குப் போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எது எந்த வயதுப் பிள்ளைக்கு ஆகும், எது ஆகாது என்று வயது முத்திரை கொடுக்கிற அலுவலகம் அது. அங்கே வடிகட்டி என்பது வசவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் கொடுத்துவைத்த வேலை. "நாள் பூரா கேம் ஆடுறதுக்குச் சம்பளமா? உங்களுக்கு எங்கேயோ மச்சம்" என்பார்கள் அக்கம்பக்கத்தில். உள்ளே வந்து ஒரு வாரம் உட்கார்ந்தால் தெரியும். மூன்றாவது மாடியில் எப்போதும் திரை இழுத்துவிட்ட ஜன்னல்கள், வரிசையாகத் தொலைக்காட்சிகள், எத்தனையோ கட்டைவிரல்கள் பட்டு எழுத்தழிந்துபோன கன்ட்ரோலர்கள். ரத்தம் தெறிக்கிறதா, தெறித்தால் சிவப்பா பச்சையா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா, இருட்டிலிருந்து ஏதாவது திடீரென்று பாய்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் உள்ளே யாராவது யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதிர் விளையாட்டு என்றால், தயாரித்த கம்பெனி பரிசோதிக்கிறவர்களுக்கென்று தனிப் பிரதி அனுப்பும். கடையில் விற்கிறதில் இல்லாத தாண்டும் பொத்தான் ஒன்று அதில் இருக்கும். புதிர் வந்ததும் அதை அழுத்தினால், புதிர் தானாகத் தீர்ந்து அடுத்த காட்சி வந்துவிடும். ஒவ்வொரு பூட்டுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் ஒரு விளையாட்டைப் பார்த்து முடிக்க மாதக்கணக்காகும். கண்ணுக்குத் தெரிகிற காட்சிதானே முத்திரைக்கு முக்கியம், புதிருக்குள் என்ன விஷமா வைத்திருக்கப்போகிறார்கள்? எல்லோரும் தாண்டினார்கள். அவளும் தாண்டினாள்.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர், சித்தி. அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான்: எட்டு வயதான அக்கா மகள். ஒல்லியாக இருந்துகொண்டு மேசைக்கடியிலும் கதவிடுக்கிலும் புகுந்து ஒளிந்துகொள்வதால் அவளுக்கு அப்பா வைத்த பெயர் சுண்டெலி. அந்த அப்பா, வடிகட்டிக்கு அத்தான், தொலைதூர லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் வாரக்கணக்கில் வர மாட்டார். அம்மா இல்லை. அந்த 'இல்லை'யைத்தான் யாரும் சுண்டெலியிடம் சொல்லவில்லை.

அக்காவை வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். கடைசி நாளன்று பக்கத்தில் இருந்தவள் வடிகட்டிதான். போன் அடித்தது. பள்ளித் தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த சுண்டெலி. "அம்மா எப்ப சித்தி வருவாங்க?" அறைக்குள் பேசினால் அக்காவுக்குத் தொந்தரவு என்று வெளியே வராந்தாவுக்கு வந்து, "சீக்கிரம் வந்துடுவாங்க கண்ணு, உடம்பு கொஞ்சம் தேறணும்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வாசலுக்கு வந்து கையசைத்தாள். உள்ளே ஓடினால், எல்லாம் முடிந்திருந்தது. போன் இன்னும் காதிலேயே இருந்தது. "சித்தி, சீக்கிரம்னா எப்ப? சொல்லுங்க."

சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க அவளால் முடியவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு அத்தானும் அவளும் கூடிப் பேசி, பிள்ளை சின்னது, இப்போது வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஆஸ்பத்திரியில் போன் பேசக் கூடாது, பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், மருந்து ரொம்பக் கடுமை என்று ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். குளியலறையில் அக்காவின் சீப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அலமாரியில் அவள் துணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. முதலில் சுண்டெலி தினமும் கேட்டாள். பிறகு எப்போதாவது கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். பிள்ளைக்குப் பழகிவிட்டது என்று பெரியவர்கள் மூச்சுவிட்டார்கள். பெரியவர்களுக்கு இது ஒரு வசதி. பிள்ளை வாயை மூடிக்கொண்டால் மனதையும் மூடிக்கொண்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

பரீட்சை முடியட்டும், காய்ச்சல் விடட்டும், அத்தான் லீவில் வரட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. எந்தப் பிள்ளை எந்த வயதில் எதைத் தாங்கும் என்று ஊருக்கெல்லாம் முத்திரை குத்துகிறவளுக்கு, ஒரே கூரையின் கீழ் தூங்குகிற பிள்ளை எதைத் தாங்கும் என்று தெரியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளே அவளைத் திட்டிக்கொள்வாள். திட்டிக்கொண்டு மறுநாளும் தள்ளிப்போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த விளையாட்டு அவள் மேசைக்கு வந்தது. நாட்டுப்புறக் கதைகளின் சாயலில் பின்னிய புதிர் விளையாட்டு. ஒரு சிறுமியின் அம்மாவைப் பனிமூட்டம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. சிறுமி ஒரு லாந்தரைத் தூக்கிக்கொண்டு தேடிக் கிளம்புகிறாள். வழியில் ஆந்தை முகத்தோடு ஒரு காவல்காரன், பேசுகிற கிணறு, பேரைச் சொன்னால்தான் வழிவிடுகிற மரம். படம் வரைந்த கைக்குத் தங்கக் காப்பே போடலாம், அவ்வளவு அழகு. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆந்தைமுகத்தான் முதலில் கொஞ்சம் மிரட்டுவான், வாயைத் திறந்தால் கோமாளி. இப்படியே போய்க் கடைசியில் ஓர் ஆறு. படித்துறையில் கயிற்றால் கட்டிய படகு, படகில் அம்மா. கரையில் நிற்கிற படகோட்டி மூன்று விடுகதை போடுவான்.

அதற்குமேல் அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. படகில் உட்கார்ந்திருந்தவளுக்கு அக்காவின் சாயல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவள் உட்கார்ந்திருந்த விதம் மனதை என்னவோ செய்தது. சட்டென்று தாண்டும் பொத்தானை அழுத்தினாள். மறுகணம் படகு அக்கரை சேர்ந்திருந்தது. பனி விலகி, சிறுமி லாந்தரோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னணியில் இதமான இசை. "முடிவு அமைதியானது, பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று எழுதி, ஏழு வயதுக்கு மேல் என்று முத்திரை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

கடைக்கு வந்த அந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அத்தான். லீவில் வந்தவர் பெட்டியைச் சுண்டெலி கையில் கொடுத்துவிட்டு வடிகட்டியைப் பார்த்துச் சிரித்தார். "கடையில ஆயிரம் அடுக்கி வெச்சிருக்கான், எனக்கு என்ன தெரியும்? ஏழுன்னு போட்டிருந்துச்சு. உங்க ஆபீஸ் முத்திரைதானேன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன்."

பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. ஆனால் நினைத்துப் பார்த்தபோது ஞாபகத்தில் அந்த இதமான இசைதான் இருந்தது. "நல்ல கேம்தான் அத்தான்" என்றாள். ஒருவேளை இதை வைத்தே பிள்ளையிடம் மெதுவாகப் பேச்சை எடுக்கலாமோ என்றுகூட ஒரு நப்பாசை.

சுண்டெலி கெட்டிக்காரி. பெரியவர்கள் விழிக்கிற புதிரையெல்லாம் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு காலை ஆட்டி ஆட்டி அவிழ்த்தாள். "மரம் பேரைச் சொல்லுன்னா நம்ம பேரைச் சொல்லக் கூடாது சித்தி, அதோட பேரைச் சொல்லணும்! யாருமே அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், பாவம்" என்று சமையலறைக்கு ஓடிவந்து சொன்னாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த சித்திக்கு, நம் முத்திரை வீண்போகவில்லை என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. அத்தானும் நிம்மதியாக லாரியேறிப் போனார்.

அதன்பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்காருவாள். குப்புறப் படுப்பதில்லை, காலை ஆட்டுவதில்லை. ஆற்றுச் சத்தம் கேட்கும். நடுநடுவே கொர்ர் என்று ஒரு தவளைச் சத்தம். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆற்றங்கரை. கடைசிப் புதிர் பிடிபடவில்லைபோலும் என்று நினைத்து ஒரு சாயங்காலம் சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

படகோட்டி கேட்டான்: "வாசலோடு நிற்கும், உள்ளே வராது. ஜோடி பிரிந்தால் ஒன்றுக்கும் ஆகாது. அது என்ன?" படித்துறையில் நான்கு கற்கள், நான்கிலும் ஒவ்வொரு விடை. கதவு, விளக்கு, செருப்பு, தவளை. தவளை படகோட்டியின் வேடிக்கை. எந்த விடுகதை போட்டாலும் ஒரு கல்லில் அது உட்கார்ந்திருக்கும். சுண்டெலி யோசிக்கவே இல்லை, தவளையை அழுத்தினாள். கொர்ர். படகுக் கயிற்றில் முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது.

"செருப்புடா கண்ணு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா தவளைங்கிறே?"

சுண்டெலி அடுத்த விடுகதைக்குப் போனாள். "வெயிலில் கூடவே வரும், இருட்டில் கைவிடும்" என்றான் படகோட்டி. தவளை. கொர்ர்.

"நிழல்! ஏண்டி, இதுகூடவா தெரியாது உனக்கு?"

"தெரியும் சித்தி. மூணாவதும் தெரியும். மூச்சு."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாளா இங்கேயே உட்கார்ந்திருக்கே? சரியாச் சொன்னா முடிஞ்சிடுமே."

சுண்டெலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரியாச் சொன்னா முடிச்சு அவிழும். மூணும் அவிழ்ந்தா படகு போயிடும். நான்தான் என் கையால அவிழ்க்கணுமாம், அந்த ஆள் சொல்றான். தப்பாவே சொல்லிக்கிட்டிருந்தா அம்மா போக மாட்டாங்க." பிறகு கன்ட்ரோலரைச் சித்தியின் கையில் வைத்தாள். "பிடிச்சுப் பாருங்க. இழுக்குதா?"

கன்ட்ரோலர் உள்ளங்கையில் விட்டு விட்டு அதிர்ந்தது. ஆற்று இழுப்புக்குப் படகு கயிற்றை இழுக்கிற அதிர்வு.

"இழுக்குதுல்ல? அப்படின்னா அம்மா இன்னும் இருக்காங்க."

வடிகட்டி கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி, விளையாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் அலுவலகத்தில் வேறு எதையும் தொடாமல் அந்த விளையாட்டைப் போட்டாள். தாண்டும் பொத்தானைத் தொடுவதில்லை என்று வைராக்கியம். ஆந்தைமுகத்தானிடமும் கிணற்றிடமும் முட்டி மோதி, மதியச் சாப்பாட்டை மறந்து, படித்துறைக்கு வந்து சேர்ந்தாள். செருப்பு என்றாள். முதல் முடிச்சு அவிழத் தொடங்கியது, தானாக அல்ல. கட்டைவிரலால் சுற்றிச் சுற்றிக் கயிற்றை விடுவிக்க வேண்டியிருந்தது. விரலை எடுத்தால் முடிச்சு நின்ற இடத்திலேயே நின்றது, அவசரமே இல்லாமல். படகிலிருந்த அம்மா இவளைப் பார்த்துத் தலையாட்டினாள். நிழல். மூச்சு. மூன்றாவது முடிச்சில் கன்ட்ரோலர் கையைவிட்டுத் துள்ளிவிடும்போல அதிர்ந்தது. கடைசிச் சுற்று விடுபட்டதும் அதிர்வு நின்றது. அவ்வளவுதான். கை வெறுங்கையானது. இசை வரவே கொஞ்ச நேரமாயிற்று. அவள் அன்று பார்த்த அமைதியான முடிவு அதற்கும் பிறகு வந்தது.

அக்கா போனபோது வராந்தாவில் நின்றவள், இந்தத் தடவை உள்ளே இருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மேலாளரின் அறைக்குப் போனாள். ஆறிப்போன டீயும் கையுமாக இருந்தவரிடம், "அந்த ஆத்துக் கேமுக்கு முத்திரையை மாத்தணும் சார். பன்னெண்டு போடணும். இல்லைன்னா கடையிலேருந்து எடுக்கச் சொல்லணும்" என்றாள்.

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறீங்களே மேடம். ரத்தம் இருக்கா அதுல?"

"இல்லை."

"பேய், பிசாசு?"

"இல்லை சார். அம்மாவைப் பிள்ளையே தன் கையால அவிழ்த்து விடணும். அது காட்சியில இல்லை, புதிர்ல இருக்கு. நான் தாண்டித்தான் பார்த்தேன்."

"எல்லாரும்தான் தாண்டுறோம்" என்றார் அவர். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். "என் சின்னவ அதை முடிச்சா. ஏழு வயசுதான். முடிச்சுட்டு ஓன்னு அழுதா. ஓடிப்போய் அவங்கம்மா மடியில விழுந்தா, அப்புறம் பசிக்குதுன்னா. எனக்கென்னமோ அது நல்ல அழுகைன்னுதான் பட்டுச்சு. அந்தக் காலத்துக் கதையில சாவு இல்லாமலா இருந்துச்சு? பிள்ளைங்க கேட்டுட்டுத் தூங்கலையா?"

"உங்க பொண்ணுக்கு விழறதுக்கு மடி இருந்துச்சு சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மேலாளருக்கு அவள் வீட்டுக் கதை அரைகுறையாகத் தெரியும். டீயைக் கீழே வைத்துவிட்டு, "வேணும்னா அடுத்த தடவை பெட்டி அச்சடிக்கும்போது 'பிரிவு உண்டு'ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்றேன்" என்றார். பிறகு, குரலைத் தணித்து, "வீட்டுல பிள்ளைகிட்ட இன்னும் சொல்லலையா?" என்று கேட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வழியெல்லாம் அவர்மேல் கோபமாக வந்தது. பிறகு விளையாட்டைச் செய்தவன்மேல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவந்த அத்தான்மேல். வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது கோபித்துக்கொள்ள வேறு ஆள் மிச்சமில்லை. பன்னிரண்டு போட்டால் மட்டும் என்ன? பன்னிரண்டு வயது வரைக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து கடுமை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

சுண்டெலி ஆற்றங்கரையில்தான் இருந்தாள். சித்தி கைப்பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சுண்டெலி. அம்மா இனிமே வர மாட்டாங்கடா."

சுண்டெலி திரும்பிப் பார்த்தாள்.

"செத்துப்போயிட்டாங்க கண்ணு. இப்ப இல்லை. அன்னைக்கு நீ எனக்குப் போன் பண்ணினியே, ஆஸ்பத்திரிக்கு. அன்னைக்கே."

"நீங்க சீக்கிரம்னு சொன்னீங்க."

"சொன்னேன். பொய் சொன்னேன். சொல்லத் தெரியலடா எனக்கு."

சுண்டெலி அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு எங்கே தப்பிற்று என்று தேடுகிறவளைப்போலத் திரையைப் பார்த்தாள், கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"ஆனா நான் அவிழ்க்கவே இல்லையே சித்தி" என்றாள். "எல்லாத்துக்கும் தவளைதானே சொன்னேன்."

சித்தி பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எலும்பும் தோலுமான அந்த உடம்பு முதலில் விறைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு எங்கிருந்தோ அழுகை வந்தது. இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி எல்லாம் சேர்ந்து வந்ததுபோல, மூச்சுத் திணறத் திணற அழுதாள். நல்ல அழுகையா, கெட்ட அழுகையா என்று சித்திக்குத் தெரியவில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். ஆறு அதன்பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்ததும் சுண்டெலி சித்தியின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். தரையில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்தாள்.

"வேணாம்டா. அணைச்சிடலாம்."

"இந்த அம்மா இருக்கட்டும் சித்தி."

படகோட்டி முதல் விடுகதையைப் போட்டான். சுண்டெலி தவளையை அழுத்தினாள். இரண்டாவதைப் போட்டான். தவளை. மூன்றாவதற்கு அவள் விரல் எழவில்லை. "இருக்கும்வரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போனால் திரும்பி வருவதில்லை. அது என்ன?" என்று கேட்டுவிட்டுப் படகோட்டி பொறுமையாக நின்றான். சுண்டெலி கன்ட்ரோலரைச் சித்தியிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்க."

வடிகட்டி வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு கற்களையும் ஒருமுறை பார்த்தாள். விடை அவளுக்குத் தெரியும்.

"தவளை" என்று சொல்லி அழுத்தினாள்.